பழைய ஐரோப்பிய ஓவியங்களில் யூதர்கள்: பார்க்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் யூதர்கள் மூன்று விதமாக வருவார்கள்: விவிலியக் கதைமாந்தர்களாக, பழிக்கதைகளில் குற்றவாளிகளாக, ஓவியர் நேரில் கண்ட அக்கம்பக்கத்து மனிதர்களாக. முதல் இரண்டும்தான் அதிகம். மூன்றாவது வகை 17ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் அரிது.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முகத்தைப் பார்த்து "இவர் யூதர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தப் படங்களில் யூதரைக் காட்டிக்கொடுப்பது ஓவியர் வைத்த குறி. அதை யாருக்கு வைத்தார், யாருக்கு வைக்காமல் விட்டார், வைக்கச் சொல்லிக் காசு கொடுத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால் படம் தானாகத் திறக்கும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முகத்துக்குக் கடைசியில் வரலாம்.

தொடங்கும் முன்

கைபேசித் திரை போதாது. மடிக்கணினி, ஒரு நோட்டு, எபிரேய எழுத்து அட்டவணை ஒன்று, ஒரு விவிலியம் இருந்தால் போதும். படத்தைத் தேடுபொறியில் முதலில் கிடைத்த இடத்திலிருந்து எடுக்காதீர்கள். அந்த ஓவியம் இருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்துக்கே போங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் பெரிய அளவுப் படங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளவிடுகிறது. மத்ரித்தின் பிராடோ, லண்டன் நேஷனல் கேலரி ஆகியவற்றின் தளங்களில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் மஞ்சள் முக்கியமான குறி, ஆனால் ஏமாற்றும் நிறமும் அதுதான். ஓவியத்தின் மேல் பூசிய வார்னிஷ் பழசானால் பழுத்து, வெள்ளைத் துணியைக்கூட மஞ்சளாகக் காட்டும். செடிகளிலிருந்து எடுத்த சில மஞ்சள் சாயங்கள் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கியும் போகும். ஆகவே ஒரு அங்கி மஞ்சள் என்று எழுதும் முன், அதே படத்தில் வெள்ளையாகவே இருந்தாகவேண்டிய ஒன்றை, ஒரு கழுத்துப்பட்டையையோ மேசை விரிப்பையோ, பாருங்கள். அதுவும் மஞ்சளாகத் தெரிந்தால் அங்கியைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

படி 1: ஆண்டையும் ஊரையும் எழுதுங்கள்

நோட்டில் முதல் வரி இதுவாக இருக்கட்டும். கூடவே ஒரு கேள்வி: இந்த ஓவியர் தன் ஊரில் ஒரு யூதரைப் பார்த்திருக்க முடியுமா?

சில ஆண்டுகளை மனப்பாடம் செய்துவிடலாம். 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பேரவை என்ற திருச்சபைக் கூட்டம், யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரியவேண்டும் என்று விதித்தது. எந்த உடை, எந்த வடிவம் என்று அது சொல்லவில்லை. அதனால்தான் நாட்டுக்கு நாடு அடையாளம் மாறுகிறது. 1290இல் இங்கிலாந்து யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. பிரான்ஸ் பலமுறை துரத்தி, திரும்ப அழைத்து, 1394இல் முடிவாக வெளியேற்றியது. 1492இல் ஸ்பெயின். 1516இல் வெனிஸ் நகரம் யூதர்களை கெட்டோ என்ற தனிக் குடியிருப்புக்குள் அடைத்தது. 1555இல் போப்பின் ஆணை ரோமிலும் அதையே செய்து, மஞ்சள் தொப்பியையும் கட்டாயமாக்கியது.

1450இல் ஓர் ஆங்கிலேயத் தேவாலயச் சுவரில் யூதர் உருவம் இருந்தால், அதை வரைந்தவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே அந்த நாட்டில் யூதர் குடியிருப்பு இல்லாமல் போயிருந்தது. அவர் வரைந்தது வேறு படங்களிலிருந்தும், பிரசங்கத்திலிருந்தும், மேடை நாடகத்திலிருந்தும் வந்தது. அந்தப் படத்தை யூதர் உடைக்குச் சான்றாக எடுக்கவே முடியாது.

படி 2: காட்சி எது என்று கண்டுபிடியுங்கள்

விவிலியக் காட்சி என்றால், அதில் இருக்கும் ஏறக்குறைய எல்லாரும் யூதர்களே. இயேசு, மரியாள், பேதுரு, யூதாஸ், தலைமைக் குரு எல்லாரும். ஆனால் ஓவியர் எல்லாரையும் அப்படிக் காட்டமாட்டார். குறி வைத்தவர்கள், குறி இல்லாதவர்கள் என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு எண்ணுங்கள். பதுவா நகரின் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜோத்தோ 1305 வாக்கில் தீட்டிய யூதாஸ் முத்தக் காட்சியில், யூதாஸின் மஞ்சள் மேலங்கி இயேசுவையே மூடிப் போர்த்துகிறது. முத்தமிடுகிறவரும் முத்தம் பெறுகிறவரும் ஒரே இனத்தவர். மஞ்சள் ஒருவருக்குத்தான்.

விவிலியத்தில் இல்லாத காட்சி என்றால் கவனமாக இருங்கள். கிறித்தவர்கள் இயேசுவின் உடலாக வணங்கும் நற்கருணை அப்பத்தைக் குத்துவது, கொதிக்க வைப்பது, சிறுவனின் உடலைச் சுற்றிக் கத்திகளோடு நிற்பது போன்றவை இடைக்காலத்தில் யூதர்கள்மேல் சுமத்திய பொய்ப்பழிகளின் படங்கள். 1475இல் வட இத்தாலியின் திரெந்தோ ஊரில் சிமோன் என்ற குழந்தை இறந்தபோது பழி அங்கிருந்த யூதக் குடும்பங்கள்மேல் விழுந்தது. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கிக் கொன்றார்கள். 1493இல் வெளிவந்த நியூரம்பெர்க் வரலாற்று நூலின் மரச்செதுக்குப் படம், குழந்தையைச் சுற்றி நிற்பவர்களின் பெயர்களையும் அச்சிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் குழந்தை வழிபாட்டை நீக்கியது 1965இல்தான்.

படி 3: குறிகளைத் தேடுங்கள்

தொப்பியிலிருந்து தொடங்குவது எளிது. ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் கூம்பு வடிவத் தொப்பி, உச்சியில் ஒரு தண்டு, சில சமயம் தண்டின் முனையில் ஒரு குமிழ். 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இது படங்களில் வருகிறது. அதற்கு முந்திய கிறித்தவக் கலையில் யூதர்களுக்குத் தனி அடையாளமே பொதுவாக இல்லை. 1215ஆம் ஆண்டின் விதிதான் இந்தத் தொப்பியைப் பிறப்பித்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே அது தவறு என்று தெரிந்துவிடும்.

தொப்பி இருந்தாலே இகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 13, 14ஆம் நூற்றாண்டு ஜெர்மன் படங்களில் புனித சூசையப்பரும் தீர்க்கதரிசிகளும் இதே தொப்பியோடு வருவார்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் மானெஸ்ஸே கையெழுத்துச் சுவடியில் ஸூஸ்கிண்ட் என்ற யூதக் கவிஞர் கூம்புத் தொப்பியும் செல்வர் அங்கியுமாக நிற்கிறார். ஏளனத்தின் சாயலே இல்லை. இன்னும் ஒருபடி மேலே போனால், யூதர்கள் தங்களுக்காகவே எழுதிய நூலிலும் இந்தத் தொப்பி உண்டு. 1300 வாக்கில் தென் ஜெர்மனியில் உருவான, இப்போது எருசலேமின் இஸ்ரேல் மியூசியத்தில் உள்ள "பறவைத்தலை ஹகாதா"வில் (ஹகாதா என்பது பாஸ்கா பண்டிகை இரவில் படிக்கும் நூல்), பாஸ்கா கொண்டாடும் யூதர்களுக்குப் பறவையின் தலையும் அலகும்; அந்தத் தலைமேல் அதே கூம்புத் தொப்பி.

தொப்பியில் ஆளை மாற்றிப் பிடிப்பது அடிக்கடி நடக்கும். ஸ்பானிய மதவிசாரணைக் காட்சிகளில் தண்டனை பெற்றவர் தலையில் வைக்கும் உயரமான காகிதக் கூம்பு வேறு பொருள். அதை யூதர் என்று மட்டுமல்ல, யாராக இருந்தாலும் தண்டனைக்குரியவருக்கு வைத்தார்கள். பிராடோவில் பெத்ரோ பெர்ருகெத்தே 1490களில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. புனித தொமினிக் முன்னிலையில் சிலரை எரிக்கப்போகிறார்கள். அதில் வருபவர்கள் 13ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மாற்றுக்கொள்கையினர். ஆனால் இணையத்தில் "யூதர்களை எரிக்கும் காட்சி" என்றே சுற்றுகிறது. அதே பிராடோவில் பிரான்சிஸ்கோ ரிசி 1683இல் முடித்த பெரிய படத்தில், 1680 ஜூன் 30 அன்று மத்ரித்தின் பிளாசா மயோரில் நடந்த விசாரணைச் சடங்கைக் காணலாம். அங்கே மறைவில் யூத மதத்தைக் கடைப்பிடித்ததாகத் தண்டனை பெற்றவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் போடாதீர்கள்.

1438இல் திருச்சபைப் பேரவைக்காக இத்தாலிக்கு வந்த பைசாந்தியப் பேரரசரின் கூர்முனைத் தொப்பியும், நெதர்லாந்து ஓவியங்களில் பழைய ஏற்பாட்டு மாந்தர் எல்லாருக்கும் கட்டிவிட்ட தலைப்பாகையும் இதே குழப்பத்தைத் தரும். தலைப்பாகைக்குப் பொருள் "கிழக்கத்தியர், அந்தக் காலத்தவர்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அடுத்தது துணியில் தைத்த அடையாளம். இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டுச் சட்டம் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலத்தில் மஞ்சள் கம்பளித் துணியை, மோசேயின் இரு கற்பலகை வடிவில் வெட்டி, ஏழு வயதைத் தாண்டிய ஒவ்வொரு யூதரும் அணியச் சொன்னது. பிரான்சிலும் இத்தாலியிலும் வட்டம். ஓவியத்தில் இந்த வட்டம் நெஞ்சிலோ தோளருகிலோ இருக்கும். மடிப்புக்குள் பாதி மறைந்திருந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். வத்திக்கானின் சிஸ்தின் சிற்றாலயக் கூரையில் மிக்கேலாஞ்சலோ வரைந்த கிறிஸ்துவின் முன்னோர் வரிசையில் அம்மினதாபின் தோளருகே ஒரு மஞ்சள் வளையம் இருக்கிறது. 1980களில் அழுக்கு நீக்கித் துலக்கிய பிறகுதான் அதைக் கவனித்தார்கள்.

பெண்களுக்குக் குறி மிகக் குறைவு. இத்தாலிய நகரங்கள் சிலவற்றில் காதணியோ மஞ்சள் முக்காடோ கட்டாயமாக இருந்தது, அவ்வளவுதான். படத்தில் யூதப் பெண்ணைக் கணவரை வைத்தே பெரும்பாலும் அடையாளம் காணவேண்டியிருக்கும்.

பெண் உருவமாகவே வரும் ஒரு குறியீடு மட்டும் விதிவிலக்கு. கிறித்தவத்தைக் குறிக்கும் திருச்சபை, யூத மதத்தைக் குறிக்கும் ஜெபஆலயம் (யூதர் தொழும் இடம்) என்ற இரண்டையும் இரு பெண்களாகக் காட்டுவது வழக்கம். முதலாமவளுக்கு முடியும் கிண்ணமும். இரண்டாமவளுக்குக் கண்கட்டு, முறிந்த ஈட்டி, கை நழுவும் கற்பலகைகள். ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்தின் தென்வாசலுக்காக 1230 வாக்கில் செதுக்கிய ஜோடி புகழ்பெற்றது. பாஸல் கலைக்கூடத்தில் கோன்ராட் விட்ஸ் 1435 வாக்கில் வரைந்த ஜெபஆலயப் பெண் மஞ்சள் உடுத்தியிருக்கிறாள். கவனியுங்கள், இரண்டிலும் அவள் அழகி. விகாரம் இங்கே குறியே அல்ல.

இனி மூக்கு. வளைந்த மூக்கும் பக்கவாட்டு முகமும் யூதருக்குரிய அச்சாக மாறியது 13ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் வளைந்த மூக்கு பொல்லாதவர் எவருக்கும் வரும். அந்த மாற்றத்தை ஓர் அலுவலகக் கிறுக்கலில் பார்க்கலாம். 1233ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசுக் கருவூலத்தின் வரவேட்டுச் சுருளில், எழுத்தர் ஒருவர் மேல் ஓரத்தில் படம் போட்டிருக்கிறார். இப்போது அது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மேலே முடிசூடிய மூன்று முகங்களோடு நார்விச் நகரின் யூதச் செல்வர் ஐசக். கீழே மோசே மொக்கே என்ற ஆணும் அவேகயே என்ற பெண்ணும். நடுவில் நிற்கும் கொம்புப் பேய் இருவர் மூக்கையும் விரலால் தொட்டுக் காட்டுகிறது. "மூக்கைப் பார்" என்று சொல்லித்தர ஒரு பேய் தேவைப்பட்டிருக்கிறது என்றால், பார்ப்பவர்களுக்கு அது அன்று பழகிய அடையாளமாக இல்லை.

விவிலியத்தில் வரும் மோசேயின் தலையில் கொம்பைக் கண்டு இதோடு சேர்க்காதீர்கள். அது லத்தீன் விவிலியத்தின் வாசகத்திலிருந்து வந்தது. மரியாதைக்குரிய மோசேக்கே அது உண்டு. இத்தாலியச் சிலுவைக் காட்சிகளில் கொடியிலோ கேடயத்திலோ தேள் இருந்தால் அது பெரும்பாலும் யூதர்களைக் குறிக்கும் வசை.

படி 4: எபிரேய எழுத்தைச் சோதியுங்கள்

ஓவியத்தில் எபிரேயம் போலத் தெரிவதெல்லாம் எபிரேயம் அல்ல. பிராடோவில், யான் வான் ஐக்கின் பட்டறையோடு தொடர்புடைய "அருள் ஊற்று" என்ற படத்தில் கண் கட்டிய தலைமைக் குருவைச் சுற்றி யூதர்கள் தடுமாறுகிறார்கள். கொடிகளிலும் சுருள்களிலும் எழுத்து நிறைந்திருக்கிறது. படித்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது.

சோதிக்கும் முறை இது. படத்தைப் பெரிதாக்கி, வலமிருந்து இடமாக முதல் பத்து எழுத்துகளை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அட்டவணையின் 22 எழுத்தோடும், சொல்லின் கடைசியில் மட்டும் உருமாறும் 5 வடிவத்தோடும் ஒப்பிடுங்கள். பத்தில் நாலைந்துக்கு மேல் பொருந்தாவிட்டால், அல்லது ஒரே வடிவம் அலங்காரம் போலத் திரும்பத் திரும்ப வந்தால், அது போலி எழுத்து. நன்றாகப் பொருந்தினால் ஓவியருக்கு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாலெத்–ரேஷ், பேத்–காஃப், ஹே–ஹேத் ஆகிய ஜோடிகள் அனுபவசாலிகளையும் ஏமாற்றும். அவற்றில் சந்தேகம் வந்தால் இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு மேலே போங்கள். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அச்சுப் படங்களில் இது சகஜம்.

இதற்கு நல்ல பயிற்சி லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய, பாபிலோன் அரசன் பெல்ஷாத்சாரின் விருந்து. 1630களின் நடுவில் வரைந்தது. சுவரில் தோன்றும் கை எழுதுவது தமிழ் விவிலிய வாசகர்களுக்குத் தெரிந்த "மெனே மெனே தெக்கேல் உப்பார்சின்". ஆனால் வலமிருந்து இடமாகப் படித்தால் ஓடாது. ரெம்பிராண்ட் மேலிருந்து கீழாக, வலது ஓரத்திலிருந்து பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். பாபிலோனிய ஞானிகளால் ஏன் படிக்க முடியவில்லை என்பதற்குத் யூதச் சமய நூலான தல்மூத் தரும் விளக்கங்களில் ஒன்று இது; ஆம்ஸ்டர்டாமின் ரபி (யூத மதகுரு) மெனாசே பென் இஸ்ரேலும் இதையே ஏற்றவர். கடைசி எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். சொல்லிறுதி நூன் வரவேண்டிய இடத்தில் வால் குட்டையாகி ஸாயின் நிற்கிறது. சரியான ஆலோசனை கிடைத்தும் பார்த்து எழுதும்போது சறுக்கியிருக்கிறார் ஓவியர்.

படி 5: காசு கொடுத்தவர் யார்?

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இதுவரை சேர்த்த குறிகளுக்குப் பொருள் கிடைப்பது இங்கேதான்.

இத்தாலியின் உர்பினோவில் மார்க்கே தேசியக் கலைக்கூடத்தில், பாவ்லோ உச்செல்லோ 1467–68இல் வரைந்த ஒரு பலகை இருக்கிறது. மூன்றரை மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் குறைவான உயரம், ஆறு காட்சி. பெரிய பீடப்படத்துக்கு அடியில் வைக்கும் பட்டை இது. கதை பாரிசில் 1290இல் எழுந்த ஒரு பழி. முதல் காட்சியில் ஒரு கிறித்தவப் பெண் நற்கருணை அப்பத்தை யூத அடகுக்கடைக்காரரிடம் கொடுக்கிறாள். இரண்டாவதில் அவர் அதை அடுப்பில் சுட, அப்பத்திலிருந்து இரத்தம் கிளம்பி, சதுரக் கட்டம் போட்ட தரையில் ஓடி, சுவருக்கு வெளியே வடிகிறது. வெளியே காவலர்கள் கதவை உடைக்கிறார்கள். உள்ளே மனைவி பிள்ளைகளோடு நடுங்கி நிற்கிறாள். பிறகு அப்பத்தை ஊர்வலமாக எடுத்துச் செல்கிறார்கள், அந்தப் பெண்ணைத் தூக்கிலிடக் கொண்டுபோகிறார்கள், யூதக் குடும்பத்தைப் பிள்ளைகளோடு சேர்த்து எரிக்கிறார்கள். கடைசியில் பெண்ணின் உயிருக்காகத் தேவதூதர்களும் பேய்களும் இழுபறி. அவளுக்கு மன்னிப்பு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. யூதக் குடும்பத்துக்கு அப்படிக் காட்சியே இல்லை.

தூரக்காட்சிக் கணக்கில் உச்செல்லோவின் திறமையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் அதிகம். அந்தக் கட்டத்தரை எதற்கு வேலை செய்கிறது என்று கேளுங்கள். இரத்தம் உள்ளிருந்து வெளியே வரும் வழியைப் பார்ப்பவர் கண் தவறவிடக்கூடாது என்பதற்கு. படத்துக்குப் பணம் தந்தது நற்கருணை வணக்கத்துக்கென்றே இருந்த ஒரு சகோதர சபை. அடகுத் தொழிலில் யூதர்கள் இருந்த ஊரில், பீடத்துக்கு நேர் எதிரே மண்டியிடுபவரின் கண்மட்டத்தில் இந்தப் பட்டை இருந்தது.

மாந்துவாவில் நடந்தது இன்னும் கசப்பு. தானியேலே நோர்சா என்ற யூத வங்கிக்காரர் வாங்கிய வீட்டின் முகப்பில் மாதா படம் இருந்தது. திருச்சபை அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி அதை அகற்றினார். ஊர் கொதித்தது. 1495இல் ஃபோர்னோவோ போருக்குப் பின் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ கொன்சாகா, தன் வெற்றியைக் கொண்டாடும் மாதா படத்துக்கு நோர்சாவையே பணம் கட்ட வைத்தார். மந்தேஞ்ஞா வரைந்து 1496இல் நிறுவிய அந்தப் படம் இன்று பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் "வெற்றி மாதா" என்று தொங்குகிறது. அதில் ஒரு யூதர்கூட இல்லை. நோர்சாவின் வீட்டை இடித்து அங்கே தேவாலயம் கட்டினார்கள். பிறகு 1499 வாக்கில் பெயர் தெரியாத உள்ளூர் ஓவியர் ஒருவர் இன்னொரு படம் வரைந்தார். அது மாந்துவாவின் சாந்தாந்திரேயா ஆலயத்தில் உள்ளது. மேலே மாதா, பக்கத்தில் புனித ஜெரோம் புதுக் கோயிலின் சிற்றுருவைக் கையில் ஏந்தியிருக்கிறார், அடியில் நோர்சா குடும்பத்தவர் நால்வர். ஆண்களின் உடையில் மஞ்சள் வட்டம். யூதர்களின் துணிச்சல் அடங்கியது என்று பொருள்படும் லத்தீன் வரியும் உண்டு.

அந்த நான்கு முகங்களில் கேலிச்சித்திரத் தன்மை இல்லை. நேரில் பார்த்து வரைந்த மனிதர்கள் போலத்தான் இருக்கிறார்கள். முகத்தை மட்டும் பார்த்தால் கண்ணியமான உருவப்படம் என்று சொல்லிவிடுவீர்கள். ரேகன்ஸ்பூர்க் நகரில் 1519இல் நடந்ததையும் சேர்த்து வையுங்கள். ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் அந்த நகரசபை உறுப்பினர். ஜெபஆலயத்தைக் காலி செய்ய இரண்டு மணி நேரம், ஊரைவிட்டுப் போக ஐந்து நாள் என்று யூதர்களுக்கு அறிவிக்கப் போனவர்களில் ஒருவர். இடிபடும் முன்பு உள்ளே போய், தூண்களையும் விதானத்தையும் அளவு தவறாமல் வரைந்து இரண்டு செதுக்கு அச்சுகளாக வெளியிட்டார். ஒரு சாண் உயரம்கூட இல்லாத, அமைதியான படங்கள். ஒன்றில் கடவுளின் நீதித்தீர்ப்பால் இது தரைமட்டமானது என்று எழுதியிருக்கிறது. உண்மையாக வரைவதற்கும் நல்லெண்ணத்துக்கும் தொடர்பு இருந்தாகவேண்டும் என்று இல்லை.

படி 6: தலைப்பை நம்பாதீர்கள்

ரெம்பிராண்ட் 1639இல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீடு ஆம்ஸ்டர்டாமில் யூதர்கள் வாழ்ந்த தெருவில். 1658இல் கடனுக்கு விற்கும்வரை அங்கே இருந்தார். இதை வைத்து 18, 19ஆம் நூற்றாண்டு வணிகர்களும் சேகரிப்பாளர்களும் அவர் வரைந்த தாடிக்கிழவர்களுக்கெல்லாம் "ரபி" என்று பெயர் சூட்டினார்கள். ரெய்க்ஸ்மியூசியத்தின் "யூத மணமகள்" என்ற பெயரும் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டியது. மகள் கழுத்தில் தந்தை சங்கிலி பூட்டுகிறார் என்று நினைத்தார்கள். இன்று அருங்காட்சியகம் அதை ஈசாக்கும் ரெபேக்காளும் என்றே குறிக்கிறது.

சரிபார்க்க, அருங்காட்சியகப் பக்கத்தில் உடைமை வரலாறு என்ற பகுதியைத் திறந்து மிகப் பழைய பதிவைத் தேடுங்கள். அதில் என்ன பெயர் இருக்கிறது? யாருடைய காலத்தில் "யூத" என்ற சொல் சேர்ந்தது? உதாரணமாக, 1656இல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கியபோது எடுத்த பட்டியலில் "நேரில் பார்த்து வரைந்த கிறிஸ்துவின் தலை" என்று ஒரு பதிவு உண்டு. மாதிரிக்கு அமர்ந்தவர் அண்டைவீட்டு யூத இளைஞர் என்று எங்கும் எழுதுவார்கள். பொருத்தமான ஊகம்தான், ஆனால் பட்டியல் அதைச் சொல்லவில்லை.

இதன் மறுபக்கம்: போர்ச்சுகல் வழிவந்த ஆம்ஸ்டர்டாம் யூதச் செல்வர்கள் ஊரின் மற்றச் செல்வர்களைப் போலவே கறுப்பு உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டை அணிந்தார்கள். ரெய்க்ஸ்மியூசியத்தில் உள்ளங்கை அளவுப் பலகையில் ரெம்பிராண்ட் தீட்டிய மருத்துவர் எப்ராயிம் புவேனோவை, பெயர் தெரியாவிட்டால் யூதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலைப்பாகைக் கிழவர் யூதராக இல்லாமலிருக்கலாம். வெள்ளைக் கழுத்துப்பட்டைக்காரர் யூதராக இருக்கலாம்.

படி 7: நேரில் கண்டவற்றையும் யூதர்களே வரைந்தவற்றையும் பக்கத்தில் வையுங்கள்

எமனுவேல் டெ விட்டே 1680இல் வரைந்த ஆம்ஸ்டர்டாம் போர்ச்சுகீசிய ஜெபஆலயம் இதற்கு நல்ல தொடக்கம். கட்டடம் திறந்து ஐந்தே ஆண்டு ஆகியிருந்தது. தொழுகைச் சால்வை போர்த்தியவர்களும், வேடிக்கை பார்க்க வந்த ஊராரும், முன்னால் திரியும் நாய்களும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பழியும் இல்லை, குறியும் இல்லை.

யூத ஓவியர்கள் எண்ணெய்ச் சாயத்தில் தங்கள் வாழ்வை வரைவது 19ஆம் நூற்றாண்டில் பெருகுகிறது. ஹனாவில் பிறந்த மோரிட்ஸ் டானியேல் ஓப்பன்ஹைம் 1833–34இல் வரைந்த, போரிலிருந்து வீடு திரும்பும் யூதத் தன்னார்வ வீரனின் படம் நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மௌரிசி கோட்லிப் 1878இல் வரைந்த யோம் கிப்பூர் (பாவநிவாரண நாள்) தொழுகை டெல் அவிவ் கலை அருங்காட்சியகத்தில். அதில் தன்னையே பல வயதுகளில் வரைந்துகொண்டார். அடுத்த ஆண்டு 23 வயதில் இறந்துபோனார்.

ஒரு பயிற்சி

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு ஆலயத்தில் போதகர்களோடு பேசும் பகுதியைப் படித்துவிட்டு இரண்டு படங்களைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலாவது, மத்ரித்தின் திஸ்ஸன்-போர்னெமிஸா அருங்காட்சியகத்தில் உள்ள, ஜெர்மன் ஓவியர் டியூரரின் 1506ஆம் ஆண்டுப் படம். இத்தாலியில் இருந்தபோது வரைந்தது. ஐந்து நாள் வேலை என்று லத்தீனில் அவரே குறித்திருக்கிறார். அவருடைய சொந்த ஊரான நியூரம்பெர்க் யூதர்களை வெளியேற்றிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நடுவில் நான்கு கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இயேசு விரல்விட்டு வாதத்தை எண்ண, பக்கத்துக் கிழவரின் கணுக்கணுவான விரல்கள் குறுக்கே நுழைகின்றன. அந்தக் கிழவரின் பக்கவாட்டு முகமும் திறந்த வாயும் சிறுவனின் மென்மையான முகத்தை ஒட்டி இருக்கின்றன. படி 2இல் போட்ட இரண்டு பத்தியை இங்கே நிரப்புங்கள். போதகர்கள் ஆறு பேரும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு முகத்தில் அமைதி உண்டு. விகாரம் ஒருவரிடம் குவிந்து, இயேசுவின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கவனிக்கவேண்டியது.

இரண்டாவது, ஹாம்பர்க் கலைக்கூடத்தில் உள்ள மாக்ஸ் லீபர்மனின் 1879ஆம் ஆண்டுப் படம். ஓவியரும் யூதர். போதகர்கள் தொழுகைச் சால்வையோடு, குனிந்து காது கொடுத்துக் கேட்கும் சாதாரண மனிதர்கள். மியூனிக்கில் காட்சிக்கு வைத்தபோது இயேசுவை யூதப் பையனாகவே காட்டிவிட்டார் என்று பெரும் கூச்சல். பவேரிய நாடாளுமன்றம்வரை போனது. லீபர்மன் பிறகு சிறுவனைத் திருத்தி, தலைமுடியை நீளமாக்கிப் பொன்னிறமாக்கினார். இன்று நாம் பார்ப்பது திருத்திய சிறுவனை. பழைய சிறுவன் ஒரு கோட்டோவியத்தில் தெரிகிறான்: கறுத்த குட்டை முடி, வெறுங்கால், கையை ஆட்டிப் பேசும் துறுதுறுப்பு. இரண்டையும் அருகருகே வைத்து, எவை மாறின, எவை மாறவில்லை என்று எழுதுங்கள். போதகர்களை அவர் மாற்றவில்லை.

படத்தைப் பகிரும்போது

பழிக்கதைப் படங்களை வெட்டிப் போடாதீர்கள். முகத்தை மட்டும் வெட்டினால், 15ஆம் நூற்றாண்டு எதற்காக அதை வரைந்ததோ அதே வேலையை அது இன்றும் செய்யும். முழுப் படம், ஓவியர், ஆண்டு, இருக்கும் இடம், காசு கொடுத்தவர், காட்சியில் உள்ள குற்றச்சாட்டு பொய் என்ற ஒரு வரி. இவை படத்தின் மேலேயே இருக்கட்டும், பின்னூட்டத்தில் வேண்டாம். போலந்தின் சந்தோமியேஷ் பேராலயத்தில் 18ஆம் நூற்றாண்டு இரத்தப்பழி (யூதர்கள் கிறித்தவக் குழந்தைகளைக் கொன்றதாகச் சொல்லும் பொய்ப்பழி) ஓவியம் ஒன்றைச் சில ஆண்டுகள் திரை போட்டு மூடி வைத்திருந்தார்கள். 2014இல் திரையை எடுத்தபோது, இது உண்மையில் நடக்கவில்லை என்று சொல்லும் விளக்கப் பலகையையும் கூடவே மாட்டினார்கள். உச்செல்லோ படத்துக்கு இப்படி எழுதலாம்: "பாவ்லோ உச்செல்லோ, 1467–68, உர்பினோ. நற்கருணைச் சகோதர சபை பணம் தந்து வரைந்தது. பாரிசில் 1290இல் யூதர்கள்மேல் சுமத்திய பொய்ப்பழியின் இரண்டாம் காட்சி."